ஆட விட்ட மோட்டார்

இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறேன். கிணற்றுக்குள் ஓடும் மோட்டாருக்கு என்ன நோவு என்று மேலே நின்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு ரெக்கார்டு பிளேயர், எலுமிச்சம்பழ அளவு மோட்டாரை வைத்துக்கொண்டு, நான்கு நாள் பாடாய்ப்படுத்தியது.

அது அக்காவுடையது. அக்கா தையல்காரி. ஒரே ஒரு தட்டுக்காக அதைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். அந்தத் தட்டு கடையில் விற்றதல்ல. அந்தக் காலத்துப் பொருட்காட்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினால், குரலை அங்கேயே தட்டில் கீறிக் கொடுப்பார்களாம். வெளிநாட்டில் வேலை பார்த்த அப்பாவுக்கு அனுப்ப அம்மா பேசியது. இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். பேசியபோது அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு மாதம். அக்காவுக்காவது அந்தக் குரல் நினைவிருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

அப்பா தன் பழைய பாட்டுப் பெட்டியில் கேட்டுக் கேட்டே தட்டைத் தேய்த்துவிட்டார்; எனக்கு நினைவு தெரிவதற்குள் அந்தப் பெட்டியும் கெட்டுப்போனது. இன்னும் ஒரு தடவை தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு தடவையில் போனில் பதிந்துவிட வேண்டும். ஆனால் எந்தத் தட்டைப் போட்டாலும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கூடவே வந்தது.

“கெணத்து மோட்டாரையே மேல நின்னு கண்டுபிடிப்பியே. இது மேஜை மேலதானே இருக்கு?” என்றாள் அக்கா.

“நீ உன் ஊசியைப் பாரு, நான் என் ஊசியைப் பாக்கறேன்.”

வீணாய்ப்போன ஒரு தட்டை வைத்துச் சோதித்தேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினேன், உறுமல் இல்லை. தட்டை நிறுத்தி, ஊசியை மேலே வைத்து, மோட்டாரை மட்டும் ஓட விட்டேன்; உறுமியது. ஆக, மோட்டார்தான் திருடன். எண்ணெய் விட்டேன், துடைத்தேன், கப்பியைக் கழற்றி மாட்டினேன். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி சாதுவாக ஓடுகிறது. ஸ்பீக்கரில் மட்டும் உறுமல்.

“வாங்கினப்ப இவ்ளோ சத்தம் இல்லடா. நீ கை வெச்ச அப்புறம்தான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “மோட்டாரைப் பத்தி எனக்கே பாடமா?” என்று கத்தினேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நின்றிருந்த தட்டின் மேல் ஊசி இன்னும் இருந்தது. ஸ்பீக்கரில் தொம், தொம் என்று கேட்டது.

“அக்கா, நில்லு! இப்ப நட!”

“எதுக்கு?”

“நீ நடக்கிறது இதுல கேக்குது.”

“நான் என்ன யானையாடா?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி செருப்பில்லாமல் நடப்பது தரைவழி வந்து, மேஜைக் கால் ஏறி, பிளேயரின் அடிப்பலகையைத் தாண்டி, முடியளவு ஊசிக்குத் தெரிகிறது. என் கைக்கே தெரியாத மோட்டாரின் நடுக்கம் அதற்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியானால் மோட்டார் பலகையைத் தொடவே கூடாது.

தொட வைத்தது யார்? நான்தான். தண்ணீர் மோட்டார் ஆடினால் ஆபத்து; ஆடும் மோட்டாரைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மோட்டாரைப் பலகையோடு பிடிக்கும் மூன்று திருகுகளையும் முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியிருந்தேன். அடியில் இருந்த ரப்பர் வளையங்கள் நசுங்கிக் கிடந்தன. திருகுகளைத் தளர்த்தினேன். ரப்பர் மெல்ல உப்பியது, மோட்டார் அதன்மேல் லேசாக ஆடியது. ஊசியை வைத்தேன். அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதேயில்லை.

“நீ சொன்னதுதான்க்கா சரி,” என்றேன். அவள் குத்திக்காட்டவில்லை. தையல் மெஷினையும் மின்விசிறியையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, போனை ஸ்பீக்கர் முன்னால் வைத்துவிட்டு, மூச்சுவிடாதே என்று சைகை காட்டினாள்.

அம்மா பேசினாள். கொஞ்சம் கரகரத்த குரல். கூச்சத்தில் அவசர அவசரமாக. “நான் நல்லா இருக்கேன். பெரியவ நல்லா படிக்கிறா. சின்னவனுக்கு ரெண்டு பல்லு வந்திருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க...”

அந்தக் குரலுக்கு அடியில் ஒரு சத்தம். தொப்... தொப்... தொப்... மறுபடியும் மோட்டார்! இருக்கும் ஒரே தடவையும் பாழாகிறதே என்று நிறுத்தப் போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பேச முடியாது, பதிவாகிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கையை என் முதுகில் வைத்தாள். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, அதே நிதானத்தில், தட்டினாள்.

தட்டு முடிந்து ஊசியைத் தூக்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள். “உன்னைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டேதான்டா பேசினா. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். அப்பாவோட பாட்டுப் பெட்டியில இந்தத் தட்டுற சத்தம் கேட்டதே இல்ல.”

நாற்பத்தேழு வயதில், துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை.