கோட்டுக்கு அடியில் ஒரு நாய்

நாயின் மேல் வெள்ளைக்கோடு போட்டு ஆறு நாளாகிவிட்டது. தலை வலது பாதையில் கிடந்தது. வால் இடது பாதையில். நடுவயிறு கோடாகிவிட்டது.

நான்குவழிச் சாலையில் செத்ததைப் பொறுக்குவது என் வேலை. அதற்கு முன் கல்குவாரியில் இருந்தேன். அங்கே தூக்குவது கனக்கும். இங்கே தூக்குவது வழியும். வேறு வித்தியாசம் இல்லை.

நாய் கிடந்தால் பருந்து இறங்கும். பருந்து இறங்கினால் லாரி வரும். ஆகவே பருந்துக்கு முன்னால் நான் போய்விட வேண்டும். இந்த நாய்க்கு எனக்கு முன்னால் கோடு போடும் வண்டி போய்விட்டது.

மறுநாளே ஆண் பருந்து இறங்கியது. மண்வெட்டியால் வழித்தெடுத்தேன். ஓர் இறக்கை மட்டும் முழுசாக இருந்தது. லாரிக்காரர் கண்ணாடியைத் துடைக்கத் துணி கேட்டார். என் துண்டைக் கொடுத்தேன். துடைத்துவிட்டு முகமும் துடைத்துக்கொண்டார்.

பெட்டை, விளக்குக் கோபுரத்தின் உச்சியில் கூட்டில் இருந்தது. ஒரு குஞ்சு. அது கத்திக்கொண்டே இருந்தது. இனி இரை தேடப் பெட்டைதான் இறங்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் முதலில் தெரிவது நாய்.

சூப்பர்வைசர் ஜெபமணியிடம் போனேன்.

"சார், அந்த நாயைத் தூக்கணும்."

"எந்த நாய்?"

"கோட்டுக்கு அடியில கெடக்குற நாய்."

"அது நாய் இல்லய்யா. கோடு. கோட்டைத் தூக்க உனக்கு எவன் அதிகாரம் குடுத்தான்?"

"நாறுது சார்."

"புதுக் கோடு நாறத்தான் செய்யும்."

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

சுங்கச்சாவடி அலுவலகத்துக்குப் போனேன். பறவைப் பாதுகாப்புப் பிரிவு வராந்தாவின் கடைசியில் இருந்தது. நடந்தேன். வராந்தா நீண்டது. நான் நுழையும்போது வெளியே சாலை நான்கு வழி. பாதி வராந்தாவில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆறு வழி. கதவைத் தொட்டபோது எட்டு.

உள்ளே பருந்துகளுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் பதினொரு பருந்துகள். எங்கள் பெட்டை முன்வரிசையில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வசுமதி மேடம் மைக்கைப் பிடித்திருந்தார்.

"ரோட்டுல சாப்பிடக் கூடாது. ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் இறங்கணும். முடிஞ்சவங்க காய்கறிக்கு மாறிக்கங்க."

எதுவும் பிஸ்கட்டைத் தொடவில்லை. உறுதிமொழித் தாளில் வரிசையாக நகத்தை வைத்தன. பிறகு போட்டோ. எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் இருந்த இரண்டை வெளியே போகச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் போயின. வெளியே இரண்டு தடவை சத்தம் கேட்டது.

"பாதுகாக்கப்பட்டவை, ஒன்பது" என்று மேடம் எழுதிக்கொண்டார்.

"மேடம், நாயைத் தூக்கிட்டாப் போதும். இதுக இறங்கவே இறங்காது."

"நாங்க உசுரோட இருக்கறதுக்கு மட்டும்தாம்ப்பா. செத்தது கீழ்த்தளம்."

"கீழ்த்தளத்துல யாரு இருக்கா?"

"நீதான்."

படியிறங்கினேன். கீழ்த்தளத்தில் ஒரு மேசை இருந்தது. மேசையில் என் கடப்பாரை இருந்தது. எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனேன்.

நாய் லேசில் வரவில்லை. தோல் தாரோடு சேர்ந்துவிட்டது. கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினேன். நாயோடு நாலடிக் கோடும் பெயர்ந்து வந்தது. நாய் ஒரு மூச்சு விட்டது. ஆறு நாள் அடைத்து வைத்திருந்த மூச்சு. குவாரியில் நசுங்கிய கையைப் பார்த்துவிட்டுச் சோறு தின்றவன் நான். அன்று வாந்தி எடுத்தேன். வாந்தியையும் வழித்தேன், அதற்கும் ஏதாவது இறங்கும். நடுவில் இருந்த அரளிச் செடிகளுக்கு அடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன்.

கோடு போடும் வண்டி திரும்பி வந்தது. கொண்டல் ஓட்டி வந்தான். பக்கத்தில் ஜெபமணி.

"அண்ணே, கோட்டுல நாலடி காணோம்" என்றான் கொண்டல்.

"பெயிண்ட்டை ஊத்து. சரியாப் போயிரும்" என்றேன்.

"வெறும் ரோட்டுல ஒட்டாதுண்ணே. அடியில ஏதாச்சும் கெடக்கணும். இந்த இடத்துல மேடுன்னு பிளான்லயே இருக்கு."

"கல்லைப் போடு" என்றேன்.

"கல்லுல வண்டி ஏறுனா ஜனங்களுக்குத் தூக்கிப் போடும்" என்றார் ஜெபமணி. "மெத்துனு இருக்கணும். நாயை எங்க பொதைச்ச? தோண்டி எடு."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப நீ படு."

யோசித்தேன். மேலே குஞ்சு கத்தியது. படுத்தேன். நாலடிக்கு மடங்க வேண்டியிருந்தது. தார் சுட்டது. நாய் விட்டுப்போன ஈரம் முதுகில் ஒட்டியது.

பெயிண்ட்டும் சுட்டது. மார்பு, வயிறு, தொடை என்று வெள்ளையாகிக்கொண்டே வந்தேன். ஜெபமணி எட்டிப் பார்த்தார்.

"இப்பதான்யா ரோடு மாதிரி இருக்கு."

வண்டி போய்விட்டது. சாலை பத்து வழியாகியிருந்தது. கோபுரத்தின் விளிம்பில் பெட்டை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. என் மேல் நாயின் நாற்றம் இருந்தது. பெட்டை இறக்கையை விரித்தது. தூரத்தில் லாரி வருவது முதுகில் தெரிந்தது.

உடம்பு கோட்டுக்குள் இறுகிவிட்டது. ஒரு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை ஆட்டினேன்.

பெட்டை இறக்கையை மடக்கிக்கொண்டது.

கொண்டல் தூரத்திலிருந்து கத்தினான். "ஆடாதீங்கண்ணே, கோடு கோணிரும்!"

ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.