இரண்டாவது பிரேக்

“அந்த ஹெல்மெட்டைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்.”

“அதுதான் ஏற்கெனவே ஒடிஞ்சு இன்னைக்குத்தானே கட்டுப் பிரிச்சாங்க. புதுசா ஏதாவது சொல்லும்மா.”

நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவர்கள் சமையலறை ஜன்னலும் எங்கள் சமையலறை ஜன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காதைக் கழற்றி வைத்துவிட்டா பாத்திரம் தேய்க்க முடியும்?

அம்மாக்காரி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். பயிற்சிக் காரில் கற்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் டீச்சர் காலடியில் இன்னொன்று. எதிரே பூனை வரலாமோ என்று தோன்றினாலே டீச்சர் கால் அழுத்திவிடும். அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்ததுதான் கார் ரேஸ் ஓட்டுகிறது. போன பந்தயத்தில் மூன்றாவது வளைவில் திரும்பாமல் நேராகப் போய் டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் மோதிக் கையை ஒடித்துக்கொண்டாள்.

“அடுத்த மாசக் கடைசியில நடக்கிற ரேஸுக்கு நான் போகலேன்னா, டீம்ல என் இடத்தை வேறொருத்தனுக்குக் கொடுத்துடுவாங்க.”

“கொடுக்கட்டும். அவனைப் பெத்தவ அழட்டும்.”

“சாப்பாடு ஆறுது,” என்றார் அப்பா. கடிகாரம் பழுது பார்ப்பவர். வீட்டில் அவர் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

“அந்த வளைவுல ஏன் நேராப் போனேன் தெரியுமா?” மகளின் குரல் இறங்கியது. நான் குழாயை மூடினேன். “நீ பிடிப்பேன்னு.”

“நான் எங்கேடி இருந்தேன் அங்க?”

“அதைத்தான் சொல்றேன். கடைசி நொடியில பிரேக் பிடிக்கிறா, தைரியசாலின்னு எல்லாரும் பேசறாங்க. தைரியமும் இல்ல, மண்ணும் இல்ல. பக்கத்துல உன் கால் இருக்குன்னு என் கால் இன்னும் நம்பிட்டிருக்கு.”

“என்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் எங்கயும் போய் மோதினதில்ல.”

“மருந்துக்கடைக்காரர்?” என்றார் அப்பா.

பாவம் அந்த மனிதர். தனியாக ஓட்டிய முதல் நாளே சொந்தக் கடையின் ஷட்டருக்குள் காரை விட்டவர்.

“அவருக்குக் கண்ணு சரியில்ல.”

“நீ பக்கத்துல உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லாத்தானே தெரிஞ்சுது,” என்றாள் மகள்.

அவர்கள் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

மறுநாள் காலை டீச்சர் பயிற்சிக் காருக்குள் தலைகீழாகக் கிடந்தாள். கையில் ஸ்பேனர். காலிக் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டப் போனேன்.

“என்ன டீச்சர், ரிப்பேரா?”

“ஆமா.”

“எதுல?”

“என்கிட்ட.”

வெளியே வந்தபோது அவள் கையில் அந்த இரண்டாவது பிரேக் இருந்தது.

கை தேறத் தேற, தெருக்கோடிக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் மகள் ஓட்டினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைவுக்கு அடையாளம் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி. அந்தப் பக்கமாகத்தான் எனக்கும் காலாற நடக்கும் வழக்கம், அந்த மாதத்திலிருந்து.

“அம்மா, கால்.”

“நான் ஒண்ணும் பண்ணலையே.”

“காலடி மேட் கிழியுது.”

முதல் வாளி அப்பளமானது. இரண்டாவதும் அதே கதிதான். டீச்சர் இறங்கிப் பார்த்தாள், யோசித்தாள், திரும்ப ஏறி இருக்கையின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் தொடைக்கடியில். கண்ணை மட்டும் மூடவில்லை. கார் பாய்ந்து வந்தது. இந்த முறை மகளின் கால் தானாக அழுத்தியது. வாளி ஆடியது, விழவில்லை.

“நிக்குதுடி,” என்றாள் டீச்சர், ஏதோ பிள்ளை நடை பழகியதுபோல.

பந்தயத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். நானாகத்தான் ஏறிக்கொண்டேன் என்று மருந்துக்கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது வளைவு வரும்போது டீச்சர் பக்கத்தில் இருந்த காலை ஓங்கி மிதித்தாள். அது என் கால். சுண்டுவிரல் நகம் அன்றோடு சரி. ஆனால் அவள் மிதிப்பதற்கு ஒரு மூச்சு முன்னதாகவே வண்டி வேகம் குறைந்து, அழகாகத் திரும்பிப் போயிற்று, எல்லாச் சுற்றிலும்.

நாலாவதாக வந்தாள். கோப்பை மூன்று பேருக்குத்தான். இடம் மட்டும் பறிபோகவில்லை. பிறகு கோப்பைகளும் வந்தன. கடிகாரங்களுக்கு வைத்த அலமாரியை அப்பா முணுமுணுக்காமல் காலி செய்துகொடுத்தார்.

குழுவின் மெக்கானிக்கைத்தான் கட்டுவாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் வாயில் மண். கைக்குக் கட்டுப் போட்ட டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மாமியாரிடம் கற்றார், ஒற்றைப் பிரேக் காரில். ஷட்டர் எதையும் தொடவில்லை.

இருவரும் பந்தயத் தளம் இருக்கும் ஊருக்குக் குடிபோனார்கள். அடுத்த ஆண்டு பெற்றவர்களும் போனார்கள். அழைத்துப்போக வந்த மகள்தான் காரை ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் டீச்சர், சம்மணம் போட்டபடி.

அந்த வீட்டுக்கு இப்போது புதுசாக ஒரு ஜோடி வந்திருக்கிறது. இதுவரை ஒரு சண்டைகூட இல்லை. என்ன குடும்பமோ.