மாதிரித் துண்டு

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தபாலில் மாட்டிறைச்சி வந்தது. எதிர்வீட்டுக்குத் தொடை. பக்கத்து வீட்டுக்கு விலா. கூடவே தலைவரின் கடிதம்: போருக்கு வராதவன் மாட்டுக்கும் இதே கதி.

எனக்கு மட்டும் வரவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் என் அக்கா தெபோராள் இருக்கிறாள். அந்த ஊரை எதிரி வளைத்துவிட்டான். ஏழாம் நாள் பொழுது சாய்ந்ததும் ஊரில் ஒவ்வொருவருக்கும் வலது கண்ணைத் தோண்டுவானாம். இன்று ஏழாம் நாள்.

தலைவரின் அலுவலகத்துக்கு ஓடினேன். வராந்தா நீண்டுகொண்டே போனது. "அவசரம்" என்றேன். இன்னும் நாற்பது அடி நீண்டது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.

கிளார்க் ஏனோக்கு மேஜை இழுப்பறைக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்.

"போருக்கு வர்றேன் சார்."

"மிரட்டல் வந்துச்சா?"

"இல்ல. நானா வர்றேன்."

"நெனச்சவன்லாம் வர முடியாதுவே. இது எபிரேய முறை. மிரட்டுனாத்தான் ஆள் எடுப்போம். மாடு உண்டா?"

"இல்ல."

"மாடில்லாதவன என்னன்னு சொல்லி மிரட்ட? வேற என்ன இருக்கு உமக்கு?"

யோசித்தேன். "ஒரு அக்கா."

அவர் முகம் தெளிந்தது. படிவத்தில் 'மாடு' என்பதை அடித்துவிட்டு 'அக்கா' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

"கிளம்பட்டுமா?"

"வெட்டுன துண்டு வேண்டாமா? வெறுங் கடுதாசிக்கு எவன் பயப்படுவான்?"

"யாரோட துண்டு?"

"தலைவர் மொதல்ல தன்னோடதத்தான் வெட்டணும். ஊரான் மாட்டையா வெட்டுனாரு? ஏர்ல பூட்டுன சொந்த ஜோடி. மூணு நாளா மனுசன் சோறு தொடல. சும்மாவா தலைவர்ங்காங்க?"

உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அய்யா, அக்கா ஒண்ணு!"

தலைவர் கோடரியோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"ஆடு இருக்காடே?"

"இல்லய்யா."

"ஒரு கோழி கூடவா இல்ல?" கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"இல்லய்யா."

பின்கட்டிலிருந்து அவருடைய அக்கா வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தம்பிக்கா? சாப்டியாப்பா?"

வெளியே படை புறப்படும் கொம்பு ஊதியது. பொழுது சாய ஒரு சாண்தான் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லலாம். சொன்னால் என் பெயரை அடித்துவிடுவார்கள்.

"சாப்ட்டேங்க்கா" என்றேன்.

ஏனோக்கு பொட்டலம் கட்ட இலை விரித்தார்.