ஸ்டாமினா நாலு

தலைமைப்பண்புப் பயிற்சிக்குப் போகும்போது மேலாளராகப் போனவர், திரும்பி வரும்போது கேப்டனாக வந்தார்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற சலவைக் கூடம் அது. அதுவரை அங்கே இருந்தவர்களுக்கு வேலையாட்கள் என்று பெயர். கேப்டன் வந்த பிறகு 'டீம்' ஆனார்கள். வேலை மட்டும் பழைய பெயரிலேயே நடந்தது.

டீமுக்காக அவர் செய்த முதல் காரியம், ஓய்வறையில் கிடந்த நீள மரப்பெஞ்சைத் தூக்கிக் கிடங்கில் போட்டது. தேய்ப்பு எந்திரத்தின் முன் காலையிலிருந்து நின்ற பெண்கள், சாப்பாட்டு வேளையில் முறைவைத்து முதுகைச் சாய்த்த பெஞ்சு. அந்த இடத்துக்கு ஒரு மேசை வந்தது. மேசைமேல் முதுகு புடைத்த பழைய டி.வி. அதன் கீழே, கேப்டன் கல்லூரிக் காலத்தில் ஆடிய, பழுப்பேறிய வீடியோ கேம் பெட்டி. எதிரே இரண்டு முக்காலிகள். வாசலில் 'புத்துணர்வு மையம்' என்று பலகை.

"சும்மா படுத்துக் கிடந்தா களைப்பு ஏறும். கால்பந்து ஆடுங்க, மூளைக்கு ஓய்வு" என்றார் கேப்டன்.

"மூளை நல்லாத்தான் சார் இருக்கு. கால்தான் கடுக்குது" என்றாள் பெரியக்கா.

தேய்ப்புப் பிரிவில் மூத்தவள் அவள். அவளைவிட வயதானவர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கொதிக்கிற உருளைக்குள் ஈர விரிப்பை நுனி பிசகாமல் ஊட்ட வேண்டும். ஊட்டுகிறவள் உட்கார்ந்தால் விரிப்பு சுருண்டு எந்திரம் நின்றுவிடும். அதனால் உட்கார முடியாது. அவள் கெண்டைக்கால் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. பெஞ்சைத் திருப்பிக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். கேப்டன் சிரித்தார். பயிற்சியில் சிரிப்பும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

அந்தக் கேமில் நாமே ஒரு அணியை உருவாக்கலாம். ஆட்டக்காரர்களுக்குப் பெயர், முடி, திறமை எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். கேப்டன் சலவைக் கூடத்தையே ஒரு அணியாக்கினார். கேம் கம்பெனிக்காரர்கள் அதில் போட்டுக் கொடுத்திருந்த உதிரி ஆட்டக்காரர்களை, "நாம ஒரே குடும்பம், வெளியாள் எதுக்கு?" என்று அழித்துவிட்டார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு டி.வி.யைக் காட்டினார்.

பத்தாம் எண் சட்டையில் அவரே. தலை நிறைய சுருள்முடி. நேரில் அந்தத் தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். வேகம் தொண்ணூற்றொன்பது, உதை தொண்ணூற்றொன்பது, எல்லாமே தொண்ணூற்றொன்பது.

"நூறு போட்டுக்க மனசு வரலையா சார்?" என்று கேட்டார் வேன் டிரைவர்.

"கேம் அதுக்குமேல விடல" என்றார் கேப்டன், அடக்கமாக.

வெள்ளாவி ஆள், மடிப்புப் பெண்கள், டிரைவர் எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். பெரியக்கா மட்டும் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரியாக இருந்தாள். ஒரே ஒரு மாற்று; ஒப்புக்குச் சப்பாணி. பெயருக்கு நேரே ஸ்டாமினா நாலு.

"ஸ்டாமினான்னா?" என்றாள் மடிப்புக்காரி.

"தாக்குப்பிடிக்கிற சக்தி. எவ்வளவு நேரம் நிக்க முடியுங்கிறது."

எல்லோர் கண்ணும் பெரியக்காவின் காலுக்குப் போய்த் திரும்பியது.

"எனக்கா சார் நாலு?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்கதானே ஓயாம பெஞ்சு கேட்டீங்க? நிக்க முடியாதவங்கதானே பெஞ்சு கேப்பாங்க? இதெல்லாம் மதிப்பீடு. விஞ்ஞானம்."

பெரியக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு எந்திரத்துக்குப் போனாள். அன்று அவள் ஊட்டிய விரிப்புகள் எல்லாம் அறை வாங்கியவை மாதிரி வெளியே வந்தன.

அடுத்த வாரம் முதலாளியம்மா புத்துணர்வு மையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. "அம்மா மட்டும் தலையாட்டட்டும், அந்தப் பெஞ்சைப் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிடலாம்" என்று கேப்டன் டிரைவரிடம் சொன்னது பெரியக்காவின் காதில் விழுந்தது.

முதலாளியம்மா வந்தார். முட்டிவலிக்காரர். உள்ளே நுழைந்ததும் உட்கார இடம் தேடினார். ஒரு முக்காலியில் கேப்டன் ஏற்கெனவே கேம் கருவியோடு ஆயத்தமாக இருந்தார். இன்னொன்று எதிராளிக்கு. அம்மா கைத்தடியை ஊன்றி நின்றார். கேப்டன் அதைக் கவனிக்கவில்லை. மன உறுதி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தோற்றுக் கொடுக்கிற டிரைவர் எதிர் முக்காலிக்கு நகர்ந்தார்.

"நகருங்க, நான் ஆடுறேன்" என்றாள் பெரியக்கா.

"நீங்களாம்மா? நீங்க என் டீம்ல மாற்று ஆளாச்சே!"

"இன்னைக்கு எதிர் டீம். ஜெயிச்சா பெஞ்சு உள்ள வரணும்."

"ஜெயிச்சா ரெண்டு பெஞ்சு!" என்றார் கேப்டன், அம்மாவின் காதுக்காக.

பெரியக்காவின் தம்பியிடம் ஒரு காலத்தில் இதே பெட்டி இருந்தது. கோல் போட அவள் என்றைக்கும் கற்றுக்கொண்டதில்லை. தம்பியின் ஆட்டக்காரனை வழுக்கி வந்து வாரிவிடுகிற பொத்தான் எது என்று மட்டும் தெரியும். அதற்காக வீட்டில் அடிகூட வாங்கியிருக்கிறாள்.

ஆட்டம் தொடங்கியது. சுருள்முடி பந்தோடு காற்றாகப் போனது. கோல். மறுபடி கோல். "பாத்தீங்களாம்மா, இதுதான் முன்னின்று நடத்துறது!" என்று கேப்டன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் பெரியக்காவின் ஆள் ஒருவன், பந்து இருந்த திசையையே பார்க்காமல், வழுக்கிக்கொண்டு வந்து சுருள்முடியை வாரினான். சிவப்பு அட்டை. அடுத்தவன் வந்தான். அவனுக்கும் சிவப்பு அட்டை.

"என்னம்மா பண்றீங்க? பந்து அங்க இருக்கு!"

"எனக்குப் பந்து வேண்டாம் சார்."

மூன்றாமவன் வாரியதில் சுருள்முடி எழுந்திருக்கவில்லை. இரண்டு குட்டிப் பொம்மைகள் ஓடிவந்து கேப்டனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போயின. பின்னால் மடிப்புக்காரி களுக்கென்றாள். டிரைவர் இருமுவது மாதிரி நடித்தார்.

திரையில் ஒரு பட்டியல் வந்து நின்றது. மாற்று ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒரே பெயர்தான் இருந்தது. கேப்டன் மற்ற எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"ஏம்ப்பா நின்னுபோச்சு?" என்றார் முதலாளியம்மா.

"ஆள் மாத்தணும்மா."

"மாத்தேன். எவ்வளவு நேரம் நிக்கிறது நான்?"

"இருக்கிறது ஒரே ஆள்தாம்மா. அது... ஸ்டாமினா நாலு."

"யாருக்கு?"

"எனக்கும்மா" என்றாள் பெரியக்கா. "நாளெல்லாம் உருளை முன்னால நிக்கிற எனக்குத்தான் நாலு. பெஞ்சு கேட்டதால."

கேப்டனின் காது மடல் சிவந்தது. வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்தினார். திரையில் பெரியக்கா ஓடி வந்தாள். நாலடி ஓடியதும் முட்டியில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். கேப்டன் எவ்வளவு அழுத்தியும் அவள் நகரவில்லை.

முக்காலியிலிருந்த பெரியக்கா கருவியை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் டி.வி. ஒருமுறை நடுங்கியது.

"நான் தோத்துட்டேன் சார். அதனால பெஞ்சைக் கேக்கமாட்டேன். எடுத்துக்கப்போறேன்."

"ஆட்டம் இன்னும் முடியலம்மா!"

"உங்களைத் தூக்கிட்டுப் போயாச்சு சார். இன்னும் யாரு ஆடுறது?"

அவள் கிடங்குக்குப் போனாள். மடிப்புக்காரி பின்னால் ஓடினாள். டிரைவர் கேப்டனை ஒருமுறை பார்த்தார், திரையில் காலியாகக் கிடந்த பத்தாம் எண்ணைப் பார்த்தார், பிறகு அவரும் போனார். பெஞ்சு தரையைக் கீறிக்கொண்டு வந்தது. வாசலில் கோணிக்கொண்டபோது பெரியக்கா இடுப்பால் ஒரு இடி கொடுத்தாள். 'புத்துணர்வு மையம்' பலகை ஓர் ஆணியில் தொங்கியது. டி.வி.க்கு நேர் எதிரே, திரை மறைகிற மாதிரி பெஞ்சைப் போட்டார்கள்.

யாரும் சொல்வதற்கு முன்னால் முதலாளியம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா" என்றார். "இத்தனை நாள் இதை எங்கப்பா வச்சிருந்தே?"

கேப்டன் கேம் கருவியின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத கேள்வி அது.

பெரியக்கா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, செருப்பை உதறிவிட்டுக் காலைத் தூக்கி நீட்டினாள். அம்மா புடைத்த நரம்புகளைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காலுக்கு இடம் விட்டார். பெரியக்கா நன்றி சொல்லவில்லை. காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.