நூற்றுப் பதினான்காம் மரம்

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கணவன் ஒரு தகரத் துண்டை வைத்தான். தீப்பெட்டி அளவு. ஆணி அடித்த துளைக்குக் கீழே கம்பியால் கீறிய எண், 114.

"இது உன் கையெழுத்துதானே?"

அவள் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்க கிடைச்சுது?"

"எங்க மர மில்லுக்கு வந்த மரத்துல. இன்னிக்கு மட்டும் இருபது மரம், எல்லாத்துலயும் உன் நம்பர். ஆணி ரம்பத்தைக் கெடுத்துடும்னு நான்தான் பிடுங்கினேன்."

"பிடுங்கிட்டு?"

"அறுத்தேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

நாலு வருஷமாக வன அலுவலகத்துக்காகச் சோலைமந்திகளின் பின்னால் நடந்தவள் அவள். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். கிளைக்குக் கிளை தாவியே போகும், தரையில் கால் வைப்பது அபூர்வம். பழத்தைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு போய், வேறெங்கோ உட்கார்ந்து கொட்டையைத் துப்பும். துப்பிய இடத்தில் கன்று முளைக்கும். காட்டில் பாதியை நட்டதே அதுங்கதான் என்பாள், வீட்டில் சிரிப்பார்கள். அவை பழம் தின்னும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் அடித்து, ஓடையிலிருந்து எத்தனை அடி என்பதுவரை எழுதி, "இந்த மரங்க போனா இதுங்களும் போயிடும் சார்" என்று அந்த நோட்டை அதிகாரி கையில் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டதை, வழியில் கண்டவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லித் திரிந்தாள்.

மறுநாள் காலையில் அந்த அதிகாரியிடம் போனாள். அவர் குரலை உயர்த்தவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"மேலிடத்து உத்தரவும்மா. நல்ல பருமனான மரமெல்லாம் உன் லிஸ்ட்லதான் இருந்துச்சு. மரம் வெட்டுறவங்க ஆறு மாசம் தேட வேண்டியதை ரெண்டே வாரத்துல முடிச்சுட்டாங்க. லிஸ்ட்ல ஒரு தப்பு இல்ல. உன்னை ரொம்பப் பாராட்டினாங்க." புதிய நோட்டு ஒன்றை மேசைமேல் நகர்த்தினார். "அடுத்த மலைக்கும் நீயே எழுதிக் குடுத்துடு."

அவள் அதைத் தொடவில்லை. எழுந்து காட்டுக்கு நடந்தாள். 'ஒரு தப்பு இல்ல' மட்டும் காட்டு வழி முழுக்கக் கூடவே வந்தது. எத்தனை மழையில் நனைந்து அந்தத் தப்பில்லாமையைச் சம்பாதித்தாள்!

ஓடைக்கு மேலே வானம் தெரிந்தது. முன்பு அங்கே வானம் தெரியாது. வெட்டவெளியின் விளிம்பில் மந்திக் கூட்டம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு ஒரு தாய்மந்தி கிளையின் நுனிவரை வந்து தாவ எட்டாத எதிர்ப்பக்கத்தைப் பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. பிறகு அடிமரத்தைப் பற்றி மெதுவாக இறங்கி, லாரித் தடத்தில் ஒரு கையை ஊன்றி, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டது.