நாலாவது வாரத்துப் பழங்கள்

இனிப்புக்கு விலை நாற்பது லட்சம். முழு இனிப்புக்கு இல்லை, அதை யாரால் விலை பேச முடியும்? இந்த முலாம்பழம் இனிக்கப்போகிறது என்று, பழுக்க ஏழு நாள் இருக்கும்போதே சொல்லிவிடும் ஒரு சேதிக்கு. விதைக் கம்பெனிக்காரர் அந்தத் தொகையைச் சொன்னபோது ஆராய்ச்சிக்காரி முகத்தை மலராமலும் வாடாமலும் வைத்துக்கொண்டாள். பழமண்டிக்காரர் மகள். முதல் விலைக்குப் பல்லைக் காட்டக் கூடாது என்பது பால்பல் விழுவதற்கு முன்பே தெரியும்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள்.

அவர் வியாழக்கிழமை பத்திரத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கார் கேட்டைத் தாண்டியதும், அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மூன்று மாடியையும் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அவள் கண்டுபிடித்ததை மண்டி பாஷையில் சொன்னால் சுலபம். செடியின் ஒவ்வொரு செல்லும் ஒரு கிடங்கு. எல்லாக் கிடங்கிலும் ஒரே சரக்குதான். வேரில் இருக்கிற கிடங்கிலும் இனிப்புக்கான மூட்டை கிடக்கும், பழத்தில் இருக்கிற கிடங்கிலும் வேருக்கான மூட்டை கிடக்கும். இருப்பு என்ன என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. இன்றைக்கு எந்த மூட்டையைப் பிரித்தார்கள் என்று கேட்க வேண்டும். பிரித்த மூட்டையிலிருந்து சீட்டு சீட்டாகக் கிளம்பும்: இதைச் செய், அதை அனுப்பு என்று. அந்தச் சீட்டுகளை எண்ணுவதுதான் ஆராய்ச்சிக்காரியின் பிழைப்பு. சீட்டுகளுக்கு ஆயுசு கம்மி. பழத்தை அறுத்த நிமிஷத்திலிருந்தே கிழிய ஆரம்பிக்கும். அதனால் அறுத்த கையோடு துண்டைத் திரவ நைட்ரஜனில் போட்டு, இருந்தது இருந்தபடி உறைய வைத்துவிட வேண்டும்.

கண்ணாடிக் கூடத்தில் இரண்டு ரகம் வளர்த்தாள். ஒன்று தேனாக இனிக்கும், அதற்குத் 'தேன்' என்றே பெயர். இன்னொன்று பார்வைக்குத் தேனின் இரட்டைப் பிள்ளை, வாயில் வைத்தால் தண்ணீர். அதற்குச் 'சப்பை'. பூ விரிந்து இருபத்தெட்டாம் நாள், அதாவது இனிப்பு ஏற ஒரு வாரம் முன்னால், வாரத்துக்கு ஆறு தேன், ஆறு சப்பை. ஆறு வாரம். எழுபத்திரண்டு பழம். மூட்டை என்று சொன்ன அத்தனை ஆயிரம் ஜீன்களில் ஒன்று மட்டும் தேனில் ஓயாமல் சீட்டு அனுப்பியது, சப்பையில் மூச்சுக் காட்டவில்லை. அதற்குக் 'கட்டியக்காரன்' என்று பெயர் வைத்தாள். ராஜா பின்னால் வருகிறார் என்று முன்னால் கூவிக்கொண்டு வருகிறவன்.

ஒரே ஒரு ஓட்டை. நாலாவது வாரம்.

அந்த வாரம் அவள் விரலில் நைட்ரஜன் தெறித்துக் கட்டுப் போட்டு வீட்டில் இருந்தாள். அறுத்தது, உறைய வைத்தது எல்லாம் உதவியாளர். அவருக்கு அந்தக் கட்டடம் முழுக்க 'ரூல்தடி' என்று பெயர். ஒல்லி, நெட்டை, எழுதியதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயமாட்டார். அவர் எடுத்த ஆறு தேன் பழத்திலும் கட்டியக்காரன் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஆராய்ச்சிக்காரி நோட்டில் ஒரு வரி எழுதி, அதையே அறிக்கையிலும் ஏற்றினாள்: 'நாலாவது வாரம், கையாண்டதில் பழுது, கணக்கில் சேர்க்கவில்லை.' ஒரு வரிதான். தொட்டியில் உரல் குழவிகளைக் கழுவிக்கொண்டிருந்த ரூல்தடி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

"மேடம், 'கையாண்டதில்'னா யார் கை?"

"பொதுவா எழுதறதுதான்ணே. எல்லாரும் எழுதறாங்க."

"அந்த வாரம் இங்க ஒரே ஜோடிக் கைதான் இருந்துது. இதோ." ஈரக் கையைத் தூக்கிக் காட்டினார். "என் கையில கெட்டிருந்தா எல்லாச் சீட்டும் கிழிஞ்சிருக்கணுமே. மத்த ஜீனெல்லாம் முழுசா இருக்கு. உங்க கட்டியக்காரனை மட்டும் பொறுக்கி எடுத்துக் கெடுக்கற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் ஏது?"

அது நியாயமான கேள்வி. அவளுக்கே மூன்று மாதமாகத் தொண்டை வரைக்கும் வந்து, விழுங்கப்பட்ட கேள்வி.

"அண்ணே, வியாழக்கிழமை கையெழுத்து ஆகலன்னா இந்த சீசனோட நம்ம ரெண்டு பேருக்கும் கதவைச் சாத்திடுவாங்க. ஆச்சுன்னா மூணு வருஷச் சம்பளம். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கேன்."

"சம்பளம் கசக்குமா மேடம்? எனக்கு ரெண்டு பொண்ணு, ஒரு மாமியார். மூணும் நல்லாச் சாப்பிடற உருப்படி. ஆனா 'இவன் கையில கெட்டுது'ன்னு எழுதிப்போட்டு வாங்கற சம்பளம் வேண்டாம். நோட்டுல இருந்ததை வரி வரியாச் செஞ்சேன். நீங்க ஒரு தரம் செஞ்சு காட்டுங்க. நான் விட்டது என்னன்னு தெரிஞ்சா அந்த வரியை நானே எழுதித் தரேன்."

இப்படிக் கேட்கிற மனுஷனிடம் என்ன பேரம் பேசுவது?

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குக் கண்ணாடிக் கூடத்தில் இருவரும் நின்றார்கள். கூரையில் கோத்த பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்த கொடிகளில் வலைப்பையில் தொங்கிய பழங்கள் இருபத்தைந்து: தேன் பதின்மூன்று, சப்பை பன்னிரண்டு. மறுநாளோடு இருபத்தெட்டு நாள் ஆகிறவை. ரூல்தடி நோட்டைத் திறந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டார்.

"வழக்கமாப் பண்றதைப் பண்ணுங்க மேடம். நான் இல்லேன்னு நெனைச்சுக்குங்க."

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். எழுதினாள். முதல் வரிசை, சப்பை. அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டும் முடித்து, இரண்டாவது வரிசைக்கு வந்தாள். தேன். அட்டையைத் திருப்பினாள், தேதி பார்த்தாள்.

"மேடம், இது என்ன?"

"எது?"

"இப்ப ஏதோ பண்ணீங்களே."

"தேதி பார்த்தேன்."

"அதுக்கப்புறம். விரலை மடக்கி, டொக் டொக்னு."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். நடுவிரல் இன்னும் மடங்கியே இருந்தது.

"தட்டிப் பார்த்தேன்," என்றாள் மெதுவாக.

"இது நோட்டுல இல்லையே."

"நோட்டுல எழுதற விஷயமாண்ணே இது? மூச்சு விடறதை எழுதுவாங்களா? மண்டியில பொறந்தவ, பழத்தைப் பார்த்தா கை தன்னால போகும்."

"சப்பைங்களுக்குப் போகலையே."

"சப்பைக் காயை எவன் தட்டுவான்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. பழக்கூடைகளுக்கு நடுவில் தவழ்ந்த நாளிலிருந்து பழகிய கை. விலை போகாத சரக்கின் மேல் விரலை வீணாக்காத கை. ஏழரைக்கு வரிசையைச் சுற்றிவந்து தேனை மட்டும் தட்டியிருக்கிறாள். அரை மணி கழித்து எட்டு மணிக்கு அறுத்திருக்கிறாள். கட்டுப் போட்ட வாரம் தவிர, ஐந்து வாரமும். செடி தொட்டால் தெரிந்துகொள்ளும்; காற்று அசைத்தால், பூச்சி ஊர்ந்தால் அரை மணிக்குள் மூட்டையைப் பிரிக்கிற ஜீன்கள் உண்டு. இரண்டாம் வருஷப் பரீட்சையில் அதற்கு அவள் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தாள்.

கீழே கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். ரூல்தடி காதிலிருந்து பென்சிலை எடுத்தார், என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

"நாளைக்குத் தலைகீழாப் பண்ணுவோம்ணே," என்றாள். "சப்பை பன்னெண்டையும் நீங்க தட்டுங்க. தேன் பன்னெண்டு மேல மூச்சுக்காத்துகூடப் படக் கூடாது. இப்ப நான் தட்டின இந்த ஒண்ணு வேண்டாம், இது கணக்குல இல்ல."

"எனக்குத் தட்டத் தெரியாதே."

"கடன் கேக்க வந்தவன் மாதிரி தட்டாதீங்க. தூங்கற குழந்தை இருக்கற வீட்டுக் கதவு, ஆனா உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கணும். அப்படி."

புதன்கிழமை ஏழரைக்கு அவர் தட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எட்டுக்கு அறுத்தார்கள், உறைய வைத்தார்கள், அரைத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷின் திரையில் கோடுகள் வர ஆரம்பித்தன. தேன் பன்னிரண்டும் தரையோடு படுத்துக் கிடந்தன. சப்பை பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தூக்கி, படியேறுகிற மாதிரி மேலே போயின.

கட்டியக்காரன் எந்த ராஜாவுக்கும் கூவவில்லை. அவன் வாசல் காவல்காரன். கதவைத் தட்டினால் "யாரு?" என்று கேட்கிறவன், அவ்வளவுதான்.

ரூல்தடி சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் விடலை," என்றார்.

"இல்லண்ணே. நான்தான் ஒண்ணு சேர்த்தேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் தம்பிக்கு ஃபோன் போட்டாள். அப்பாவுக்குப் பிறகு மண்டி அவன் கையில். பின்னணியில் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாப்பது லட்சத்துக்கு ஸ்வீட் எங்க?"

விஷயத்தைச் சொன்னாள். "உன் படிப்புக்கு அப்பா செலவழிச்சதுல ரெண்டு லாரி வாங்கியிருக்கலாம். அவ்வளவு படிச்சும் பழத்தைத் தட்டித்தான் பார்த்திருக்கே," என்றான்.

"கிண்டல் பண்ணாதடா. என்ன செய்யறது?"

"சும்மா இரு. வாங்கறவன் தட்டிப் பார்த்து வாங்கிக்கட்டும். அவனுக்குக் கை இல்லையா?"

"அப்பா கடையில தராசுல விரல் வச்ச ஆளை என்ன பண்ணாருடா?"

"அன்னைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிட்டாரு. அக்கா, அவன் தெரிஞ்சு வச்சான். நீ தெரியாமத்தானே வச்சே?"

"தெரியாம வச்சாத் தட்டு இறங்காதா?"

"நீ விக்கறதா இருந்தாக் கேட்டிருக்கவே மாட்டே," என்றான் தம்பி. "சாப்பிட்டியா? முதல்ல போய்ச் சாப்பிடு."

வியாழக்கிழமை கம்பெனிக்காரர் பத்திரத்தை மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். அவள் பழைய கோடுகளும் புதன்கிழமைக் கோடுகளும் இருந்த இரண்டு படங்களையும் பத்திரத்தின் மேலேயே வைத்து, ஆதியோடந்தமாகச் சொன்னாள். சுருக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. ரூல்தடி கதவுப் பக்கம் நேராக நின்றார்.

கம்பெனிக்காரர் படத்தைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா மேடம்?"

"நாலு பேருக்கு சார். எனக்கு, அண்ணனுக்கு, என் தம்பிக்கு, செடிக்கு."

"செடி வாயைத் திறக்காது."

"தட்டினதுக்கே திறந்துடுச்சே சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவை மூடிப் பையில் செருகிய வேகத்தில் நாற்பது லட்சம் போன இடம் தெரியவில்லை. "சரி, தட்டினா எழுந்துக்கற ஜீனுக்கு என்ன விலை கேக்கறீங்க?"

"நீங்க சொல்லுங்க."

"ஒரு டீ. அதுவும் நீங்க எனக்கு வாங்கித் தரணும்."

வாங்கித் தந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "லாரியில குலுங்கி அடிபட்டு வர்ற பழத்துலயும் இவன் கத்துவானா?"

"பார்த்தாத்தான் தெரியும்."

"பார்த்தாச் சொல்லுங்க. நாப்பது இல்ல, நாலு. அதுவும் பேச்சுக்கு, பத்திரத்துக்கு இல்ல." போய்விட்டார். நாலு என்பது பேச்சுக்கும் இல்லை, மரியாதைக்கு என்று மண்டிக்காரர் மகளுக்குத் தெரியாதா? இருந்தாலும் அதையும் நோட்டில் எழுதிவைத்தாள்.

சீசன் முடிய இன்னும் இரண்டு மாதச் சம்பளம் இருந்தது. அடுத்த புதன்கிழமை, கணக்கில் சேராத அந்த ஒற்றைத் தேன் பழம் காம்பு விட்டு வலையில் உட்கார்ந்தது. கூடம் முழுக்க வாசனை. ரூல்தடி அதை அறுத்து, விதையை வழித்து, சரி பாதியாக வைத்தார். ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி இருந்தது.

"நல்லா இனிக்குது மேடம். நீங்க தட்டினதாலயோ என்னவோ."

"அப்படி ஏதாவது நோட்டுல எழுதிடாதீங்க," என்றாள் அவள். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். 'கையாண்டதில் பழுது' என்ற வரியை அடித்தாள். அடித்த இடத்தில் 'நாலாவது வாரம் சரி, மற்ற ஐந்தும்தான் பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரூல்தடி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "தேதி," என்றார். தேதியும் போட்டாள். அதற்குக் கீழே:

தட்டியது: தேன் 30, சப்பை 12. ஆக 42. கூவியது 42.

தட்டாதது: தேன் 18, சப்பை 36. ஆக 54. கூவாதது 54.

தட்டி, அறுத்து, தின்றது: 1.

இனிப்புக்கு முன்னால் கூவுகிறவன்: பாக்கி.