ஆற்று மீன் தின்னாதவன்

பதினொன்று இருபதுக்குப் பேருந்து அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. அதற்கு மேல் பேருந்துக்குப் பாதை இல்லை. பேச்சிப்பாறை அணை கீழே எங்கோ கிடந்தது. ரப்பர் மரங்களுக்கிடையே சிலுவை முன்னால் நடந்தான். கிரேசி பின்னால் போனாள். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவன் நிற்காமல் இடப்பக்கம் திரும்பினான். அங்கே பலகை எதுவும் இல்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆனதற்கு மகள் அஜிஷா கொடுத்த பரிசு இது. திருவனந்தபுரத்தில் நர்சிங் படிக்கிறவள், போனிலேயே ஒரு நாளைக்கு அறை எடுத்திருந்தாள். சாப்பாட்டோடு தொள்ளாயிரம் ரூபாய். இடத்தின் பேரைக் கேட்டதும் சிலுவை கோவளத்துக்குப் போகலாம் என்றான். வாசலில் கடலை வைத்துக்கொண்டு கடல் பார்க்க வண்டி ஏறுகிற முதல் ஆள் அப்பாதான் என்று அஜிஷா சிரித்தாள். பிறகு அவன் முட்டுவலி என்றான். அதுவும் எடுபடவில்லை.

திங்கட்கிழமை அவன் மஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டும். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டித் தேங்காய்ப்பட்டணத்து வீட்டில் வைத்தாயிற்று. அதற்குள் ஒரு நாளாவது அவனோடு தனியாக இருக்க வேண்டும் என்று கிரேசிக்கு இருந்தது. அவன் வெளிநாடு போய்ப் பதினெட்டு வருடம். அதில் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருடம் தேறாது.

விடுதி என்றால் நான்கு அறைதான். முன்பு ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்திய கட்டடம். சுவருக்குப் பச்சை அடித்திருந்தார்கள். புகை வாடை போகவில்லை. இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் வாளி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் ஆறு.

நடத்துகிறவர் பேர் ஜஸ்டஸ். சிலுவையின் ஆதார் அட்டையை வாங்கி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். முதல் தடவை வருகிறீர்களா என்று கேட்டார். சிலுவை ஆமாம் என்றான். ஜஸ்டஸ் தலையைத் தூக்காமல் பதிவேட்டில் எழுதினார்.

மதியச் சாப்பாட்டை அவருடைய மனைவி ஞானசெல்வி கொண்டுவந்தாள். சோறு, மரச்சீனிக் கிழங்கு, பருப்பு. கிரேசியின் தட்டில் பொரித்த ஆற்று மீன் இரண்டு. சிலுவையின் தட்டில் முட்டை. மீனை அவருக்கும் வையுங்கள் என்று கிரேசி சொன்னாள்.

"அவியதான் ஆத்து மீன் தின்னமாட்டாவளே. சேறு நாறுமாம்."

சொன்ன பிறகுதான் ஞானசெல்வி புருஷனைப் பார்த்தாள். ஜஸ்டஸ் வாசலில் நின்று இருமினார்.

"கடப்புறத்துக்காரவிய ஆருமே தின்னமாட்டாவ. அதத்தான் சொல்லுகா."

கிரேசியும் கடற்கரை ஊர்க்காரிதான். அவள் தட்டில் மீன் கிடந்தது.

சிலுவை தின்று முடித்துத் துவர்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். கிரேசி கட்டிலில் உட்கார்ந்தாள். ஒருத்தியை இங்கே கூட்டி வந்திருக்கிறான். வேறு என்ன இருக்க முடியும்? அவள் எப்படி இருப்பாள், எந்த ஊர்க்காரி என்றெல்லாம் யோசிக்கப் பார்த்தாள். யோசனை ஓடவில்லை. ஒரு சத்தம் குறுக்கே நின்றது.

கடல் என்றால் அலை வரும், போகும், நடுவில் மூச்சு விடும். இந்த ஆறு மூச்சு விடவில்லை. ஒரே இரைச்சல். இந்த இரைச்சலை அவள் கேட்டிருக்கிறாள். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்கச் சாயங்காலம் தோறும் அவன் வீடியோவில் கூப்பிட்டபோது, அவன் குரலுக்குப் பின்னால். என்ன சத்தம் என்று கேட்டதற்குக் கேம்ப் ரூமில் ஏ.சி. பழசு என்று சொன்னான். அதைச் சரிசெய்யச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுங்கள் என்று அவள்தான் தினமும் நச்சரித்தாள்.

எழுந்து சுவரைப் பார்த்தாள். பச்சைச் சுவர். அதில் நடு சுவிட்ச் உடைந்த ஒரு பலகை. அதுவும் வீடியோவில் பார்த்ததுதான்.

அடுக்களையில் ஞானசெல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கிரேசி சுற்றி வளைக்கவில்லை.

"எனக்க புருசன் கூட வந்தது ஆரு?"

ஞானசெல்வி கையைத் துடைத்தாள். ஜோடியாக வருகிறவர்களை முன்னமே தெரிந்ததாகக் காட்டக்கூடாது என்று தன் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருப்பதாகவும், தன் வாய்தான் நிற்காது என்றும் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள்.

"ஒருத்தியும் இல்ல மைனி. வேதத்துல கை வச்சு சொல்லுவேன். லெந்து நாள் நாப்பதும் ஒத்தைக்கு இஞ்ச கெடந்தாவ. சாயங்காலம் ஆனா குளிச்சு, ஒரு ஆரஞ்சு கலர் கம்பெனி சட்டை உண்டும்லா, அத மாட்டிட்டு போன் பேசுவாவ. பேசி முடிஞ்சா கழத்தி மடக்கி வச்சிருவாவ. கீழ கைலிதான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கிரேசிக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். அவனுடைய அண்ணன்மார் இருக்கிறார்கள், பங்குச் சாமியார் இருக்கிறார். மஸ்கட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, வீட்டிலிருந்து இரண்டு பேருந்து தூரத்தில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? கோபப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எதன்மேல் என்று பிடிபடவில்லை.

சிலுவை தண்ணீரில் காலை விட்டுப் பாறையில் இருந்தான். இன்னும் குளிக்கவில்லை. அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, போன வருடம் தவக்காலத்தில் இங்கேதான் இருந்தீர்களா என்று கேட்டாள். அவன் மறுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கம்பெனியை மூடிவிட்டு ஆட்களை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் இறங்கியபோது, புதுக்கடை வழியாக ஊருக்குப் போகிற பேருந்து நின்றது. அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வரும் குலசேகரம் பேருந்தில் ஏறினான். ஒரு வாரத்தில் வேறு விசா வரும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். வந்தது ஈஸ்டருக்கு முந்தின நாள். மறுநாளே பறந்துவிட்டான்.

வீட்டுக்கு வர என்ன தடை என்று அவள் கேட்டாள். ஊரில் காலை வைத்ததும் எப்போ வந்திய என்று கேட்பார்கள் என்றான். பதில் சொல்லி முடிப்பதற்குள் எப்போ போவிய என்பார்கள். முதல் கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இருந்தது.

"ஊரு கேட்டா கேக்கட்டும். நான் கேப்பனா?"

"நீதாம்ட்டி மொதல்ல கேப்ப."

கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் விமான நிலைய வாசலிலேயே கேட்டிருக்கிறாள். எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அது அவனுக்கு ஊரார் கேள்வியைப் போலவே கேட்டிருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்படியானால் பிழை தன்மேலா என்று நினைத்தாள். பொய் சொன்னது அவன். அதற்குள் தான் எப்படி வந்தோம்?

முந்தாநாள் பெட்டி கட்டும்போது அந்த ஆரஞ்சுச் சட்டைக்கு அவள்தான் இஸ்திரி போட்டாள். மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். மூடிப்போன கம்பெனியின் சட்டை. புதுக் கம்பெனியின் சட்டை என்ன நிறம்? அவள் பெட்டியில் பார்க்கவில்லை. டிக்கெட்டையும் பார்க்கவில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட டிக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

அவன் எழுந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். ஆற்றின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்படி அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"திங்கக்கெழம பிளைட்டு உண்டும்தானா?"